இரண்டு லாரி மழை

தயாரிப்பு: சுகிர்தா ஹெலன்
என்ற எழுத்து
திரையில் நின்றது இரண்டு விநாடி.
அதற்குள் முன்வரிசையில் ஒருவர்
கைபேசி வெளிச்சத்தில் இருக்கை எண் தேடி
பெயரில் பாதியைத் தலையால் மறைத்தார்.

எனக்கு முழுதும் தெரியும் அந்தப் பெயர்.
தக்கலைக் கிளை, பேரேடு நான்கு.
வளையல் ஆறு, அட்டியல் ஒன்று,
சங்கிலி ஒன்று, கொக்கியில் மட்டும் மாற்றுக் குறைவு.
உரைகல்லில் இழுத்தவன் நான்.

விண்ணப்பத்தில் காரணத்துக்குக் கட்டங்கள் உண்டு:
விவசாயம், கல்வி, மருத்துவம், திருமணம், தொழில்.
எதில் குறியிட என்று கேட்டேன்.
"மழைக்குண்ணு போடுங்க" என்றாள்.

இரண்டு பருவமும் தவறாமல் பெய்கிற மாவட்டத்தில்
மழைக்கு நகை வைத்த முதல் ஆள்.
"பெய்யும் சார். நாங்க கேமரா வாடகைக்கு எடுத்த
ஒம்பது நாளு மட்டும் பெய்யாது.
ரெண்டு லாரி வெள்ளம், ஒரு மோட்டார்,
குழாய் பிடிக்க நாலு ஆளு."
தொழில் என்று குறியிட்டேன்.

அடுத்து வந்தது மோதிரம், ஜெனரேட்டருக்கு.
மூன்றாம் முறை
எண்பத்துநாலு பேரின் சோற்றுக்கு.
நடிகருக்குக் காய்ச்சல், கேமரா சும்மா கிடக்கிறது,
யாரையோ போனில் சமாதானப்படுத்திக்கொண்டே
ஒற்றைக் கையால் கம்மலைக் கழற்றினாள்.
கதை இவள் எழுதவில்லை, நடிக்கவில்லை,
கேமராவைத் தொட்டதுகூட இல்லை.
பிறகு என்னதான் செய்கிறாள்
என்று அன்றைக்கு யோசித்தேன்.
சீட்டில் கையெழுத்துப் போட்டாள்,
எழுத்து நடுங்கவில்லை.

நாகர்கோவிலில் ஞாயிறு மதியக் காட்சி.
பத்தொன்பது பேர். எண்ணுவது என் வியாதி.
கதை இவ்வளவுதான்:
எழுபது சென்ட் நிலம், ஒரு கிணறு.
கிணறு யார் பக்கம் என்ற சண்டையோடு
அண்ணனும் தங்கையும் பத்திரம் பதியப் போகிறார்கள்.
வழியில் மழை. ஆம்னி வேன் ஓரங்கட்டி நிற்கிறது.
நாலு நிமிடம் இருவரும் பேசவே இல்லை.

"ஒண்ணும் நடக்கல்லியே" என்று
எனக்குப் பின்னால் ஒருவர் எழுந்து போனார்.
நானும் முதலில் கணக்குத்தான் போட்டேன்:
கூரையில் விழும் இந்தச் சத்தம் மூன்று வளையல்,
கண்ணாடியில் வழிவது இன்னொன்று,
தூரத்து ரப்பர் மரம்வரை நனைந்திருப்பது
அட்டியலில் பாதி.

அப்போது தங்கை முந்தானையை எடுத்து
மூச்சில் மங்கிய கண்ணாடியைத் துடைத்தாள்.
தன் பக்கம் அல்ல.
அவன் பக்கம், அவன் கண் மட்டத்தில்,
ஓர் உள்ளங்கை அகலம்.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
வண்டியை எடுக்கவும் இல்லை.

கணக்கு விட்டுப்போயிற்று எனக்கு.

பொன்னை உரைத்தால் கல்லில் விழுவது
மயிரிழைக் கோடு.
சங்கிலி முழுவதையும் உருக்க வேண்டாம்,
அது போதும்.
இருபது வருடமாய்க் கோடு பார்க்கிறவன்
ஒரு முகத்தில் அதைப் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை அவள் வந்தாள், வட்டி மட்டும் கட்ட.
அசலைப் பற்றி நானும் கேட்கவில்லை.
கண்ணாடி துடைத்தது யார் யோசனை என்றேன்.
நோட்டுகளை எண்ணியபடி சொன்னாள்:

"எழுத்துல, கட்டிப்பிடிச்சு அழணும்ணு இருந்து.
ரெண்டு தடவை எடுத்தும் சரியா வரல்ல.
லாரியில அஞ்சு நிமிச வெள்ளம்தான் மிச்சம்.
இன்னொரு லாரி உண்டாண்ணு டைரக்டர் கேட்டாரு.
இல்லைண்ணேன்.
அந்தப் பிள்ளை அழல்ல. துடைச்சுது."

பிறகு, தலை நிமிராமல்,
"எத்தனை பேரு இருந்தாவ?"
நாற்பது இருக்கும் என்றேன்.
தொழிலுக்கு வந்தபின் முதல்முறையாக
மாற்றைக் கூட்டிச் சொன்னேன்.

"பத்தொம்பது" என்று சிரித்தாள்.
"தியேட்டர் கணக்கு ராத்திரியே எனக்கு வந்துரும் சார்."

ரசீதை மடித்துப் பையில் வைத்தாள்.
வெளியே பேருந்து நிலையத்துக்கு மேல்
நல்ல மழை பிடித்திருந்தது.
குடையை விரிக்காமல்
வாசலில் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தாள்,
விலை விசாரிக்கிறவளைப் போல.